துணைக்கு வந்தது

கண்டக்டரின் கண்ணில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நர்ஸ் முதலில் நினைத்தாள். சாயங்கால ஷிப்ட் தொடங்கி, அவர் கையில் இரண்டு ஊசிகளும் ஏறி, குழாய்களில் ரத்தம் சூடாக ஓட ஆரம்பித்து, டயாலிசிஸ் மிஷினின் பம்பு தன் பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. ரத்த அழுத்தம் பார்க்கக் குனிந்தவளுக்கு அவர் கண்ணின் வெள்ளை சரியாகப் படவில்லை. பலமுறை துவைத்துப் பழுப்பேறிய வேட்டியின் வெள்ளையாக அது இருந்தது. நிமிர்ந்து ஒரு நாற்காலி தள்ளிப் படுத்திருந்த டெய்லரம்மாவின் கண்ணைப் பார்த்தாள். அது நன்றாகத்தான் இருந்தது.

"என்னம்மா, டிக்கெட் எடுக்காதவனப் பாக்குற மாதிரி பாக்குற?" என்றார் கண்டக்டர். அவர் ரிட்டயராகி வெகுகாலமாகிறது. அவர் பேச்சிலிருந்த டிக்கெட் மட்டும் இன்னும் ரிட்டயராகவில்லை.

"கண்ணு உறுத்துதா சார்?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல. வாய்தான் கசக்குது. சாப்பாட்டப் பாத்தாலே குமட்டுது."

டாக்டரிடம் சொல்கிறேன் என்றாள். சொல்லவும் செய்தாள். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வரைக்கும் அந்த நிறம் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. பஸ் ஜன்னலில், சுவரில், தன் நகத்தில் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் அது லேசாகத் தெரிந்தது.

அவள் வேலை பார்த்த அறை டயாலிசிஸ் பிரிவின் கடைசியில் இருந்தது. பெரிய கூடத்தைத் தாண்டி, ஒரு வராண்டாவைத் தாண்டி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் இருப்பவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அறை அது. அவர்களுக்குத் தனி மிஷின், தனி நாற்காலி, தனி கத்தரிக்கோல். கூடத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கிருமி தொற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். அங்கே பிளீச்சிங் வாடையும் மிஷின் கழுவுகிற வினிகரின் புளித்த வாடையும் எப்போதும் நிற்கும். ஜன்னல் உண்டு, ஆனால் திறக்க வராது.

அந்த அறைக்கு அவளைப் போட்டதற்கும் காரணம் இருந்தது. அவள் உடம்பிலும் பி இருந்தது. அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே வந்தது. அவளுக்கும் வந்தது, அவள் தம்பிக்கும் வந்தது. "நகை நட்டு ஒண்ணும் வைக்கல. இத மட்டும் ரெண்டு பேருக்கும் சரிபாதியாப் பிரிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்காங்க" என்று தம்பி சொல்லிச் சிரிப்பான். தொந்தரவில்லாமல் இத்தனை வருஷம் உள்ளே படுத்துக் கிடந்த கிருமி அது. தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் ஏற்கெனவே இருக்கே. அந்த ரூம நீயே பாத்துக்கோ. ஊசி கீசி குத்தினாலும் உனக்குப் பயமில்ல" என்றாள். அதில் ஒரு குத்தலும் இல்லை. கரிசனத்தோடு சொன்னதுதான்.

உண்மையில் அந்த அறையில் வேலை சுலபம். கூடத்தில் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போதெல்லாம் கையுறையைக் கழற்றி எறிய வேண்டும், கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும், புதுசு மாட்ட வேண்டும். மறந்தால் தலைமை நர்ஸ் உண்டு இல்லையென்று ஆக்கிவிடுவாள். இங்கே அந்தப் பாடெல்லாம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே நோய். யாரிடமிருந்து யாருக்கு என்ன ஒட்டப்போகிறது? ஒரு ஜோடி கையுறையில் ஷிப்ட் முழுக்க ஓட்டிவிடலாம். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் ஏற்றுகிற மருந்தை ஒரு பெரிய சிரிஞ்சில் நிரப்பிக்கொண்டு, நாற்காலி நாற்காலியாகப் போய் அதே சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட்டு வரலாம். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். யாரும் இதைத் தப்பென்று நினைத்ததேயில்லை. கூடத்திலிருந்து அவசரத்துக்கு உதவ வருகிறவர்கள்கூட, கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் அப்பாடா என்று தோளைத் தளர்த்திக்கொள்வார்கள்.

அடுத்த முறை கண்டக்டர் வந்தபோது அவர் கண்ணைப் பார்க்க வெளிச்சமே தேவைப்படவில்லை. நெற்றி, உள்ளங்கை, நாக்கின் அடி எல்லாம் மஞ்சளாகியிருந்தன. டிக்கெட் பேச்சு நின்றுபோயிருந்தது. அவர் கையை எடுத்துத் தன் காதருகே வைத்துக் கேட்டாள். ஊசி போட வசதியாக ரத்த நாளங்களை இணைத்துத் தைத்த கையில் ஓர் இரைச்சல் கேட்கும். ரத்தம் ஓடுகிற சத்தம். அது கேட்டது, மற்ற நாளைவிட வேகமாக. அந்த ஆளுக்குள்ளிருந்து எதுவோ அவசர அவசரமாக வேலை பார்க்கிற மாதிரி அவளுக்குப் பட்டது. கையைக் கீழே வைத்துவிட்டாள்.

அவர் திரும்பி வரவில்லை. அவருடைய நாற்காலியைத் துடைத்துக் காலியாக வைத்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் டெய்லரம்மா, "வாயெல்லாம் ஒரே கசப்பு சிஸ்டர்" என்றாள்.

டாக்டர் தன் அறைக்கு அவளைக் கூப்பிட்டாள். சின்ன வயசு டாக்டர். எப்போதும் சிரித்த முகம், அன்று சிரிக்கவில்லை.

"டெய்லரம்மாவுக்குக் கல்லீரல் பத்தி எரியுது. பி கிருமிதான் கிளம்பியிருக்கும்னு அளவு பாத்தேன். கூடியிருக்கணும்ல? குறைஞ்சிருக்கு. இல்லவே இல்லங்குற அளவுக்குக் குறைஞ்சிருக்கு."

"நல்லதுதானே டாக்டர்?"

"நல்லதுன்னா அவங்க ஏன் சாகப் போறாங்க?" டாக்டர் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல் வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெல்ல, "கண்டக்டருக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

அவள் வராண்டா வழியாகத் திரும்பி நடந்தாள். வீட்டில் சத்தம் போட்டுத் திரியும் பிள்ளைகள் திடீரென்று ஒரே நேரத்தில் அடங்கினால், வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று அர்த்தம். இத்தனை பேர் உடம்பிலும் குடியிருந்த பழைய கிருமி இப்போது மூச்சுக் காட்டாமல் அடங்கிப்போயிருக்கிறது. அது எதைக் கண்டு அடங்கியது? கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளே பார்த்தாள். நாற்காலிகளில் படுத்திருந்தார்கள். குழாய்களில் சிவப்பு சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. உள்ளே போகத்தான் அவளுக்குக் கால் வரவில்லை.

அப்போதுதான் லாரி டிரைவர் ஞாபகம் வந்தது.

அவர் இந்த ஊர்க்காரர் அல்ல. வழியில் லோடு இறக்கத் தங்கியவர். தங்கியிருந்த நாட்களில் இங்கே வந்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டு போனார். பி இருக்கிறது என்று தெரிந்ததும் இந்த அறைக்கு அனுப்பிவிட்டார்கள். கண்டக்டருக்கும் டெய்லரம்மாவுக்கும் நடுவில் இருந்த நாற்காலி. ஓயாமல் முன்கையைச் சொறிந்துகொண்டே இருப்பார். ஒரு நாள் ஊசியை உருவும்போது அரிப்புத் தாங்காமல் அவர் கையை வெடுக்கென்று இழுத்தார். ஊசி திரும்பி, கையுறையைத் தாண்டி, அவள் கட்டைவிரலில் ஏறியது. "ஐயோ சிஸ்டர்" என்று பதறினார் மனுஷன். "பரவால்ல சார், எனக்கும் ஏற்கெனவே இருக்கு" என்று அவள்தான் சமாதானம் சொன்னாள். தண்ணீர்க் குழாயில் விரலைக் காட்டினாள். ரத்தம் நின்றது. அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

டாக்டர் எங்கெங்கோ போன் போட்டு விசாரித்தாள். லாரி டிரைவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே இறந்துவிட்டார். தூரத்து லேப் ஒன்றிலிருந்து டெய்லரம்மாவின் ரத்தத்துக்குப் பதில் வந்த அன்று, டாக்டர் அந்த அறைக்கே வந்து, கதவைச் சாத்திவிட்டு, காலி நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

"இதுக்கு டெல்டான்னு பேரு. ஹெபடைடிஸ் டி. புஸ்தகத்துல படிச்சிருக்கேன். நேர்ல பாப்பேன்னு நினைக்கல."

"புதுசா வந்த கிருமியா டாக்டர்?"

"பழசுதான். அபூர்வம். இதால தனியாப் பொழைக்க முடியாது சிஸ்டர். அதுக்குன்னு சொந்தமா மேல்சட்டை கிடையாது. பி-யோட சட்டையத்தான் எடுத்து மாட்டிக்கும். பி இல்லாத உடம்புல போனா அதால ஒண்ணும் கிழிக்க முடியாது. பி இருக்குற உடம்புக்குள்ள போச்சுன்னா பி-ய அமுக்கிட்டு, கல்லீரல..." டாக்டர் டெய்லரம்மாவின் நாற்காலியைக் காட்டினாள்.

"அப்போ பி-க்குத் தடுப்பூசி போட்டவங்க?"

"அவங்களுக்கு ரெண்டுமே வராது. அந்த ஒரு ஊசி ரெண்டுக்கும் பூட்டு. ஏற்கெனவே பி வந்தவங்களுக்குத்தான் பூட்டு இல்ல. இன்னொருத்தர் ரத்தம் மேல படாம இருக்கணும். அவ்வளவுதான் இருக்குற ஒரே வழி." டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். "இந்த ரூம்ல... ஆளுக்கு ஆள் கையுறை மாத்துறோம்ல?"

ஷிப்ட் தொடங்கும்போது மாட்டிய கையுறையை அவள் கழற்றினாள். இந்த அறைக்குள் ஒரே கையுறையோடு நாற்காலி நாற்காலியாக டாக்டரும்தான் நடந்திருக்கிறாள். ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு இனி வருவதற்கு ஒன்றும் இல்லை என்று அத்தனை பேரும் நினைத்த இடத்தில், அது வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கையை நீட்டியிருக்கிறது. நீட்டுவதற்கு அவள் கையையே எடுத்துக்கொண்டிருக்கிறது.

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். தழும்புகூட இல்லை.

"எனக்கும் ரத்தம் எடுத்து அனுப்புங்க டாக்டர்" என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் தன்னைப் பற்றி யோசிக்கவில்லை. அம்மா போன பிறகு தம்பியைப் படிக்கவைத்து, போன் ரிப்பேர் கடை வைத்துக் கொடுத்து, கல்யாணம் பண்ணிவைத்து, அவன் பிள்ளையைத் தூக்கி வளர்க்கிற வரைக்கும் வந்தவள் அவள். தனக்கென்று ஒன்றையும் கேட்டதில்லை. அவன் நன்றாக இருந்தால் போதும் என்பது அவளுக்கு ஒரு பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை. அவனுக்கு மட்டும் வந்திருக்கக் கூடாது. அவன் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பே விஷயத்தைச் சொல்லி, ஊசி மூன்றும் போடவைத்தாயிற்று. குழந்தைக்குப் பிறந்த ஈரம் காய்வதற்குள் ஊசி போட்டாயிற்று. பிரசவ அறை நர்ஸ் "போடறேம்மா, போடறேன்" என்று அலுத்துக்கொள்கிற வரை இவள் பக்கத்திலேயே நின்றாள். அவர்கள் இரண்டு பேரும் பத்திரம். அந்த வீட்டில் பூட்டில்லாத கதவு இரண்டுதான். அவளும் அவனும்.

நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பதால் அவள் குதிகால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். காய்த்துப்போன தோலைச் சுரண்டி எடுக்காவிட்டால் செருப்புப் போட முடியாது. தம்பியின் ஷேவிங் ரேசரைத்தான் அதற்கு எடுப்பாள். சில நாள் ஆழமாகப் பட்டு ரத்தம் வரும். தண்ணீரில் காட்டி, உதறி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். மறுநாள் காலையில் அவன் அதிலேயே சவரம் செய்துகொள்வான். மற்ற வீடுகளில் இதற்குச் சண்டை வரும். இந்த வீட்டில் வராது. தம்பி மனைவியின் சாமான்களும் குழந்தையின் சாமான்களும் தனி அலமாரியில் பத்திரமாக இருக்கும். அக்கா தம்பி இரண்டு பேர் விஷயத்தில் மட்டும் தனித்தனி என்ற பேச்சே எழுந்ததில்லை. ஒரே கிருமி, ஒரே ரத்தம்.

செருப்பைக் கழற்றாமல் குளியலறைக்குள் போனாள். கண்ணாடிக்குக் கீழே குவளையில் ரேசர் நின்றிருந்தது. ஈரமாக. அலகின் ஓரத்தில் சோப்பு நுரை.

"அக்கா, வந்துட்டியா?" தம்பி கதவருகே வந்து நின்றான். தாடைக்குக் கீழே சின்னதாக ஒரு பேப்பர் துண்டு ஒட்டியிருந்தது, நடுவில் சிவப்புப் பொட்டோடு. "பிளேட மாத்தணும்க்கா. நீ கால சுரண்டிச் சுரண்டி மொண்ணையாக்கிட்ட. ஒவ்வொரு தடவையும் மூஞ்சியக் கிழிக்குது."

அவள் ரேசரை எடுத்தாள். கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"என்னக்கா?"

சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "ஏற்கெனவே குடியிருக்கவன் பத்தாதுன்னு உள்வாடகைக்கு வேற ஒருத்தனா?" என்றான். அவள் சிரிக்கவில்லை என்றதும் அவன் முகமும் மாறியது. "சரி சரி. நாளைக்கு வந்து ரத்தம் குடுக்குறேன். நீ மொதல்ல சாப்பிடு."

அந்த 'நாளை' வரவேயில்லை. கடையில் வேலை, மழை, குழந்தைக்குச் சளி என்று தள்ளிக்கொண்டே போனான். கடைசியில் அவளே ஊசியையும் குப்பியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, அவன் கையில் ரத்தம் எடுத்தாள். இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக.

அவளுக்குப் பதில் முதலில் வந்தது. இருக்கிறது. டாக்டர் அதைச் சொல்லிவிட்டு அவள் தோளைத் தொட்டாள். மருந்து ஒன்று இருக்கிறதாம். மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும், கேட்கிறவர்களுக்குக் கேட்குமாம். அவள் தலையாட்டினாள். அவளுக்குப் பசி நன்றாக இருந்தது, கண் வெளுப்பாக இருந்தது, வாய் கசக்கவில்லை. அவளிடம் அது சமர்த்தாக இருந்தது. இடம் வசதியாக இருக்கிறது என்று காலை நீட்டிப் படுத்துக்கொண்டதோ என்னவோ. அன்று எல்லோரும் போன பிறகு அறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த இரைச்சல் கேட்டது. நாற்காலிகளில் யாரும் இல்லை. மிஷின்கள் அணைந்திருந்தன. நின்று கேட்டாள். கண்டக்டரின் கையில் கேட்ட அதே அவசரம். தன் காதுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று புரிந்தபோது துடைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

தம்பியின் ரத்தத்துக்குப் பதில் வரவில்லை. லேப்பில் கேட்டால் இன்னும் ஆகும் என்றார்கள். அவள் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது பார்த்தாள், தூங்கும்போது இமையை விலக்கிப் பார்த்தாள். "அக்கா, நீ என்னத் தின்னுடுவ போலருக்கு" என்றான். பிறகு ஒரு நாள் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தான். "வயிறு மந்தமா இருக்கு" என்றான். கசக்குது என்று சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். அவன் சொல்லவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பினான். மறுபடி கொப்பளித்தான். மறுபடி.

அவன் கண்ணில் அந்த மஞ்சள் வந்தபோது டாக்டர் உடனே படுக்கையில் சேர்க்கச் சொன்னாள். படுக்கை காலியாக இல்லை. நாளைக் காலையில் ஒன்று காலியாகும் என்றார்கள். எப்படிக் காலியாகும் என்று அவளுக்குத் தெரியும். டெய்லரம்மாவின் படுக்கை அது.

அன்றைக்கே நல்ல மத்தியானம். வெளியே தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வேலையிலிருந்து பாதியில் ஓடிவந்தவளைத் தம்பி மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இவர் பகல் பூரா தூங்குறார். எழுப்பினா யாருன்னு கேக்குறார். இப்போ எந்திரிச்சு உக்காந்து, ஒரு போனப் பிரிச்சு வச்சுக்கிட்டு, திருகாணி எங்க போகும்னு என்கிட்ட கேக்குறார். எனக்கு பயமா இருக்கு அண்ணி."

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு. படுக்கை இருந்தாலும் இல்லாட்டியும் வரச் சொல்லு."

அறைக்குள் ஒரு வாடை இருந்தது. தித்திப்பாக, மக்கிய பழம் போல. பாயில் குழந்தை உட்கார்ந்து ஒரு டப்பாவைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே சுவரில் சாய்ந்து தம்பி. முன்னால் சின்னச் சின்னத் திருகாணிகள், பிரித்துப்போட்ட போன். அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் முழுக்க மஞ்சள். அதில் பயம் கூட இல்லை.

"தம்பி, அக்கா வந்திருக்கேன்டா."

அவன் மரியாதையாகச் சிரித்தான். கடைக்கு வருகிறவர்களிடம் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "உக்காருங்க. முடிஞ்சிடும்" என்றான்.

கல்லீரல் கைவிட்டால் விஷம் மூளைக்கு ஏறும். ஏறிவிட்டதா என்று பார்க்க டாக்டர்கள் ஒரு காரியம் செய்வார்கள். கையை முன்னால் நீட்டச் சொல்வார்கள். மணிக்கட்டு நிற்காது. நழுவி விழும். தானே எழும். மறுபடி விழும். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். பார்க்க வேண்டாம் என்று இருந்தது. பார்த்தே ஆக வேண்டும்.

"கைய நீட்டு" என்றாள். "ரெண்டு கையும். விரல விரிச்சு."

சின்ன வயதில் நகம் வெட்ட நீட்டுவது போல அவன் நீட்டினான். கொஞ்ச நேரம் நின்றன.

நிற்கட்டும். அப்படியே நிற்கட்டும்.

விழுந்தன.

எழுந்தன. விழுந்தன. இரண்டு கையும், ஒன்றாக. மெதுவாக. அவனுக்குத் தெரியாமல். அவன் சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் மட்டும் தம் பாட்டுக்கு மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தன.

டப்பா தட்டுகிற சத்தம் நின்றது. குழந்தை அப்பாவின் கையையே பார்த்தது. இந்த வாரம்தான் அது டாட்டா காட்டக் கற்றிருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, டப்பாவைக் கீழே போட்டுவிட்டு, குட்டிக் கையைத் தூக்கி அப்பாவுக்குத் திருப்பிக் காட்டியது.

அவன் கை அசைந்தது. அது காட்டியது. அவன் கை அசைந்தது. அது காட்டியது.